கண்காணாக் குழுவில் கருத்து வேற்றுமை

ஒரு பணியில் ஈடுபட்டோர் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து அதனைச் செய்து முடிப்பதே நெடுங்காலமாக உலக வழக்கமாக இருந்து வந்தது. ஐயம் எழுந்தால் அடுத்த மேசைக்குச் சென்று கேட்கலாம். மனத்தாங்கல் ஏற்பட்டால் தேநீர் வேளையில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். இன்றைய விஞ்ஞானப் பெரும்பணிகள் பல இவ்வாறு நடைபெறுவதில்லை. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணில் செலுத்தப்பெற்ற நிசார் செயற்கைக்கோளை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். நிலத்தின் நுண்ணிய அசைவுகளையும் பனிப்பாறைகளின் நகர்ச்சியையும் அளக்கவல்ல இக்கோளில் இரண்டு ராடார்கள் உள்ளன. 'எல்' அலைவரிசை ராடார் அமெரிக்காவில் பாசடீனாவிலுள்ள ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடத்தின் பொறுப்பில் உருவாயிற்று. 'எஸ்' அலைவரிசை ராடார் அகமதாபாத்திலுள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையத்தில் உருவாயிற்று. இரு நாடுகளும் 2014-இல் உடன்பாடு செய்துகொண்டது முதல், கோள் ஏவப்படும் வரை, பத்தாண்டுகளுக்கு மேல் இக்கூட்டு முயற்சி நீடித்தது. பாசடீனாவின் கடிகாரம் இந்தியக் கடிகாரத்திற்குக் கோடையில் 12½ மணியும், குளிர்காலத்தில் 13½ மணியும் பின்தங்கியது. ஒரு சாரார் உறங்கச் செல்லும் வேளையில் மறு சாரார் பணியைத் தொடங்குவர்.

இவ்வாறு வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு மொழியும் பழக்கமும் உடையோராய் இருந்துகொண்டு, மின்னஞ்சல், தொலைபேசி, காணொளிக் கூட்டம் ஆகியவற்றின் வாயிலாகவே கூடிப் பணிபுரிவோரைக் 'கண்காணாக் குழு' எனக் குறிப்பிடலாம். 2020-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க்குப் பின்னர் இம்முறை எங்கும் பரவிவிட்டது. பல மாவட்டங்களிலிருந்து மண் மாதிரியும் மழையளவும் அனுப்பும் கள அலுவலர்களும், வேறு மாநிலத்துப் பள்ளியுடன் இணைந்து திட்டம் நடத்தும் ஆசிரியர்களும் இத்தகைய குழுக்களின் உறுப்பினர்களே ஆவர்.

கருத்து வேற்றுமை எழாத குழு எதுவும் இல்லை. ஒரே அறையில் பணிபுரிவோரிடையே அது எளிதில் வெளிப்பட்டு எளிதில் தணிகின்றது. கண்காணாக் குழுவிலோ அது வெளிப்படாமலே வளர்ந்து, ஒருநாள் பெரும் பூசலாகவோ பெரும் பிழையாகவோ தலைகாட்டுகின்றது. அதன் காரணங்களையும் தடுக்கும் முறைகளையும் அறிந்திருத்தல் களப்பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் மிகவும் பயன் தருவதாகும்.

ஆளுக்கொரு கடல் மட்டம்

ஐரோப்பாவில் ரைன் நதியின் இரு கரைகளிலும் லாஃபன்பர்க் என்னும் ஒரே பெயர் கொண்ட இரண்டு ஊர்கள் உள்ளன. ஒன்று ஜெர்மனியைச் சேர்ந்தது. மற்றது சுவிட்சர்லாந்தைச் சேர்ந்தது. இவற்றை இணைக்க ஒரு புதிய பாலம் கட்ட முற்பட்டபோது, இரு நாட்டுப் பொறியாளர்களும் தத்தம் கரையிலிருந்து பணியைத் தொடங்கினர். எந்த உயரமும் 'கடல் மட்டத்திற்கு மேல் இத்தனை மீட்டர்' என்றே குறிக்கப்பெறும். ஆனால் எந்தக் கடலின் மட்டம்? ஜெர்மானியர் ஆம்ஸ்டர்டாமில் அளக்கப்பெற்ற வடகடலின் மட்டத்தை அடிப்படையாகக் கொள்பவர். சுவிஸ் நாட்டினர் மார்சேயில் அளக்கப்பெற்ற மத்தியதரைக் கடலின் மட்டத்தை அடிப்படையாகக் கொள்பவர். இவ்விரண்டுக்கும் இடையே 27 செ.மீ. வேறுபாடு உண்டு.

இவ்வேறுபாட்டை இரு தரப்பாரும் அறியாதிருக்கவில்லை. அதனைச் சரிசெய்யவும் முற்பட்டனர். ஆனால் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டமையால், 27 செ.மீ. நீங்குவதற்கு மாறாக 54 செ.மீ. ஆயிற்று. 2003-இல் இப்பிழை தெரியவந்தபின், ஒரு கரையின் கட்டுமான மட்டத்தை மாற்றியமைத்தே பாலத்தை இணைக்க வேண்டியதாயிற்று.

இங்கு எவரும் கவனக்குறைவாகக் கல் அடுக்கவில்லை. எவரும் தீய எண்ணம் கொண்டிருக்கவில்லை. ஒவ்வொரு தரப்பின் அளவும் அதனதன் கடலைக் கொண்டு நோக்கினால் சரியானதே. பண்பாட்டால் வேறுபட்டோர் கூடிப் பணிபுரியும்போது எழும் பூசல்கள் பலவற்றின் இயல்பும் இதுவே. 'மரியாதை', 'காலந்தாழ்த்தாமை', 'ஒப்புதல்', 'முடிந்த வேலை' ஆகிய சொற்களை அனைவரும் ஆளுகின்றனர். ஆனால் ஒவ்வொருவரும் அவற்றை எந்த மட்டத்திலிருந்து அளக்கின்றனர் என்பது வெளியே சொல்லப்படுவதில்லை.

மௌனத்தின் பல பொருள்கள்

தொலைவில் பிரிந்து பணிபுரியும் குழுக்களை ஆராய்ந்தோருள் அமெரிக்கப் பேராசிரியை காதரீன் கிராம்டன் குறிப்பிடத்தக்கவர். பல பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த மாணவர்கள் இடம்பெற்ற 13 குழுக்களின் கடிதப் போக்குவரத்தை ஆராய்ந்து, 2001-இல் அவர் தம் முடிவுகளை வெளியிட்டார். குழுவினர் அனைவரும் ஒன்றையே அறிந்திருக்கின்றனர் என்னும் எண்ணமே இடர்ப்பாட்டின் வேர் என்பது அவர்தம் கருத்து. ஒருவருக்குச் சென்ற கடிதம் மற்றவருக்குச் செல்லாதிருக்கலாம். ஒருவர் முக்கியமெனக் கருதிய வரியை மற்றவர் படிக்காமலே விட்டிருக்கலாம். இவை அனைத்திலும் சிக்கலானது மௌனத்தின் பொருளை அறிவதாகும்.

விடை வராத ஒரு கடிதத்திற்குப் பொருள்கள் பல. பெற்றவர் உடன்படுகின்றார் என்று கொள்ளலாம். மறுக்கின்றார் என்றும் கொள்ளலாம். அவர் வெளியூர் சென்றிருக்கலாம், மின்தடை ஏற்பட்டிருக்கலாம், கேள்வி தமக்குரியதன்று என எண்ணியிருக்கலாம். சென்னையிலுள்ள ஓர் அலுவலர் துர்க்கா பூஜை வாரத்தில் கல்கத்தாவிலுள்ள சக அலுவலரிடம் அவசரமாக ஒரு பட்டியலைக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே அது ஆண்டின் தலையாய விழாக்காலம்; காரியாலயங்கள் மூடப்பட்டிருக்கும். சென்னைக்காரரின் நாட்காட்டியில் அதே நாட்களில் இரண்டொரு நாள் விடுமுறையே காணப்படும். மூன்று நாள் விடை வராதபோது அவர் சூழ்நிலையை எண்ணிப் பார்ப்பதில்லை. 'அவர் பொறுப்பற்றவர்' என ஆளின்மீது குற்றம் காண்கின்றார். அருகில் இருப்போரின் தவறுக்குச் சூழ்நிலையைக் காரணமாகக் கூறும் மனிதர், தொலைவில் இருப்போரின் தவறுக்குக் குணத்தைக் காரணமாகக் கூறிவிடுவதையும் இவ்வாராய்ச்சி எடுத்துக்காட்டியது.

சொல்லும் சொல்லாமையும்

அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1976-இல் வெளியிட்ட நூலொன்றில் மக்களின் பேச்சுமுறைகளை ஆராய்ந்தார். சில சமுதாயங்களில் பொருளின் பெரும்பகுதி சொற்களிலேயே அடங்கிவிடுகின்றது. வேறு சில சமுதாயங்களில் பேசுவோரின் வயது, உறவு, இடம், குரல், முகக்குறிப்பு ஆகியவற்றைச் சேர்த்தே பொருள் கொள்ளவேண்டும். நம் நாட்டு மொழிகள் பலவற்றுக்கும் இந்த இரண்டாம் இயல்பு பெரிதும் உண்டு. "பார்க்கலாம்" என்று தமிழர் ஒருவர் கூறினால், பல சமயங்களில் அது முகம் முறியாமல் கூறப்பெற்ற மறுப்பே என்பதை அருகிலிருப்பவர் அறிவார். அதனை எழுத்தில் மட்டும் காணும் ஜெர்மானியரோ, ஆராய்ந்து பார்ப்பதாக வாக்களிக்கப்பட்டது எனக் கொண்டு காத்திருப்பார். பின்னர் ஒரு சாரார் மற்றவரை வாக்குத் தவறியவர் என்பர். மறு சாரார் குறிப்பறியாதவர் என்பர்.

இருப்பினும் இவ்வகைப் பாகுபாட்டை அளவுக்கு மீறி நம்பலாகாது. ஒரு நாட்டினர் அனைவரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர் அல்லர். நகரத்து இளைஞருக்கும் கிராமத்து முதியவருக்கும், கணக்கு இலாகாவினருக்கும் களப்பணியாளருக்கும் உள்ள வேற்றுமை, சில வேளைகளில் இரு நாடுகளுக்கு இடையேயுள்ள வேற்றுமையினும் பெரிது. ஆகவே, 'இந்த ஊரார் இப்படித்தான்' என முடிவுகட்டுவதை விட, 'இதனை நீங்கள் எவ்வாறு செய்வது வழக்கம்?' என்று வினவுவதே அறிவுடைமை.

இருவகைப் பூசல்கள்

குழுக்களில் எழும் பூசல்களை ஆராய்ந்த கேரன் ஜென் என்னும் அறிஞர், 1995-இல் வெளியிட்ட கட்டுரையில், பணியைப் பற்றிய பூசல் வேறு, ஆட்களைப் பற்றிய பூசல் வேறு எனப் பிரித்துக் காட்டினார். 'இந்தக் கிணற்றின் நீர்மட்டத்தை வாரந்தோறும் அளக்கவேண்டுமா, மாதந்தோறும் போதுமா?' என்பது முதல் வகை. 'அவர் என்றுமே பிறர் பேச்சைக் கேட்பதில்லை' என்பது இரண்டாம் வகை. இரண்டாம் வகை குழுவின் உழைப்பைக் கெடுக்கும் என்பதில் ஆராய்ச்சியாளரிடையே ஒத்த கருத்து உண்டு. முதல் வகையோ, இரண்டாவதனுடன் கலவாதிருக்கும்போது கெடுதல் செய்யாமலும், சில வேளைகளில் முடிவைச் செம்மைப்படுத்தியும் செல்லும் என்பது, பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வெளிவந்த மதிப்பீட்டின் சாரமாகும்.

முதல் வகை இரண்டாவதாக மாறுவது கண்காணாக் குழுவிலேயே எளிது. பமீலா ஹைண்ட்ஸ், மார்க் மார்ட்டென்சன் ஆகிய இருவரும் ஒரே பன்னாட்டு நிறுவனத்தின் 43 குழுக்களை ஒப்பிட்டு 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஓரிடத்தில் பணிபுரியும் குழுக்களைக் காட்டிலும் பிரிந்து பணிபுரியும் குழுக்களில் இருவகைப் பூசல்களும் மிகுதியாகக் காணப்பட்டன. ஆனால் முன்னறிவிப்பின்றி இயல்பாகப் பேசிக்கொள்ளும் வழக்கம் உள்ள குழுக்களில் அவை தணிந்திருந்தன. அலுவல் நிமித்தமன்றி, 'அங்கே மழை எப்படி?' என்று கேட்கும் இரண்டு நிமிடத் தொலைபேசிப் பேச்சும் வீண்பொழுது அன்று என்பது இதனால் விளங்கும்.

வழி தவறிய ஐயம்

1998 டிசம்பர் 11 அன்று அமெரிக்கா செவ்வாய்க் கிரகத்தின் வானிலையை ஆராய ஒரு விண்கலத்தை ஏவியது. கலத்தை இயக்கிய குழு டென்வர் நகரின் அருகே இருந்தது. பாதையைக் கணித்த குழு பாசடீனாவில் இருந்தது. கலத்தின் சிறு உந்திகள் எரியும்போதெல்லாம் ஏற்படும் உந்துவிளைவை டென்வர்க் குழுவின் கணிப்பொறி நிரல் பவுண்டு-வினாடிக் கணக்கில் தந்தது. பாசடீனாக் குழு அதனை நியூட்டன்-வினாடி எனக் கொண்டு கணித்தது. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு ஏறத்தாழ 4.45 மடங்கு. 1999 செப்டம்பர் 23 அன்று, செவ்வாயின் பரப்பிலிருந்து 226 கி.மீ. உயரத்தில் செல்ல வேண்டிய கலம், ஏறத்தாழ 57 கி.மீ. உயரத்திற்கு இறங்கி அழிந்தது.

அலகுகளின் குழப்பம் மட்டுமே இக்கதையில் பொதுவாகக் கூறப்படுவது. களப்பணியாளர் கருத வேண்டிய பகுதி வேறொன்று உண்டு. பாதையைக் கணித்தோருள் சிலர் எண்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதை முன்னரே கண்டிருந்தனர். ஆனால் அந்த ஐயம் மின்னஞ்சல் வாயிலாகவும் பேச்சு வாயிலாகவும் மட்டுமே சென்றது. குறைபாடுகளைப் பதிவு செய்து விடை காணும் முறையான பாதையில் அது ஏறவில்லை என்பதை விசாரணைக் குழு எடுத்துக்காட்டியது. பதிவேட்டில் ஏறாத ஐயத்திற்கு விடை கூறும் கடமை எவருக்கும் இல்லாமற் போயிற்று. இரு குழுவினரும் ஒரே நாட்டினர். ஒரே மொழி பேசுவோர். ஆயினும் அவர்தம் அளவை மரபு வேறு. அலுவலகப் பழக்கம் வேறு. பண்பாட்டு வேற்றுமைக்கு நாட்டெல்லை தேவையில்லை என்பதற்கு இது சான்று.

வேற்றுமைக்கு இடம் ஒதுக்கிய குழு

கருத்து வேற்றுமையை அடக்காமல், அதற்கெனவே இடம் ஒதுக்கி வெற்றி கண்ட குழுவும் உண்டு. ஒரு கருந்துளையின் நிழலைப் படமெடுக்கும் பொருட்டு, 2017 ஏப்ரலில் உலகின் 6 இடங்களில் உள்ள 8 வானொலித் தொலைநோக்கிகள் ஒரே நேரத்தில் வானை நோக்கின. இம்முயற்சியில் பல நாடுகளைச் சேர்ந்த 200-க்கும் மேற்பட்ட ஆராய்ச்சியாளர்கள் ஈடுபட்டிருந்தனர். பதிவுகள் வட்டுகளில் அடைக்கப்பெற்று, அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்திற்கும் ஜெர்மனியின் பான் நகருக்கும் அனுப்பப்பெற்றன. தென் துருவத்திலிருந்து வர வேண்டிய வட்டுகள், அங்கே குளிர்காலம் கழியும் வரை காத்திருக்க நேர்ந்தது.

பதிவுகளிலிருந்து படம் உருவாக்குவதில் முறைகள் பல உண்டு. தாம் காண விரும்பியதையே ஒருவர் கண்டுவிடும் அபாயமும் உண்டு. ஆகவே ஆராய்ச்சியாளர்கள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பெற்றனர். இரண்டு குழுக்கள் ஒரு கணித முறையையும், மற்ற இரண்டும் நெடுங்காலமாக வழக்கிலுள்ள வேறொரு முறையையும் முதன்மையாகக் கையாண்டன. ஒரு குழு தன் படத்தை மற்றொன்றிற்குக் காட்டலாகாது என விதிக்கப்பெற்றது. 2018 ஜூலையில் கேம்பிரிட்ஜ் நகரில் அனைவரும் கூடித் தத்தம் படங்களை ஒரே வேளையில் வெளியிட்டனர். நுண் விவரங்களில் அவை வேறுபட்டன. ஆனால் நான்கிலும் ஒளிவளையம் ஒன்றும், அதன் தென்பகுதி பிரகாசமாய் இருத்தலும் காணப்பட்டன. அதன் பின்னரே, மேலும் பல சோதனைகளைக் கடந்து, 2019 ஏப்ரல் 10 அன்று அப்படம் உலகிற்கு வெளியிடப்பெற்றது.

ஒவ்வொருவரும் தம் கருத்தை முழுமையாக உருவாக்கிக்கொள்ளக் காலமும், அச்சமின்றி வெளியிட ஒரு நாளும், பின்னர் ஒப்பிட ஒரு முறையும் முன்னதாகவே வகுக்கப்பெற்றிருந்தமை இதன் சிறப்பு. வலுத்த குரலுடையோரின் கருத்தே வெல்லும் நிலை இதனால் தவிர்க்கப்பட்டது.

கடைப்பிடிக்க வேண்டிய முறைகள்

மேற்கூறியவற்றிலிருந்து, சிறு குழுக்களும் செலவின்றிக் கைக்கொள்ளத்தக்க சில முறைகளைத் தொகுத்துக் கூறலாம்.

1. பணி தொடங்குமுன் அலகு, தேதி, நேரம் ஆகியவற்றை எழுதி உறுதி செய்துகொள்ள வேண்டும். 5/6 என்பது இந்தியருக்கு ஜூன் 5. அமெரிக்கருக்கு மே 6. மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதுவதே நன்று. 'நாளை காலை' என்று எழுதுங்கால் எந்த ஊரின் காலை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

2. மௌனத்தின் பொருளை முன்கூட்டியே வரையறுத்தல் வேண்டும். 'இரண்டு வேலை நாட்களுக்குள் விடை இல்லையேல் தொலைபேசியில் கேட்கப்படும். ஒப்புதலாகக் கொள்ளப்படாது' என்பது போன்ற ஒரு விதி பல மனத்தாங்கல்களைத் தவிர்க்கும். ஒவ்வோர் ஊரின் விடுமுறைகளையும் ஒரே நாட்காட்டியில் குறித்து அனைவரிடமும் அளித்தல் அவசியம்.

3. ஒரே பொருளைப் பற்றி இரண்டு கடிதங்கள் சென்று வந்தபின்னும் தெளிவு ஏற்படாவிடில், மூன்றாவது கடிதம் எழுதாமல் நேரில் பேச வேண்டும். பேசி முடித்ததை இரண்டு வரிகளில் எழுதி இருவரும் உறுதி செய்தல் வேண்டும்.

4. ஐயங்களுக்கென ஒரு பதிவேடு வேண்டும். அதில் ஏறிய ஒவ்வொன்றிற்கும் யார், எந்நாளுக்குள் விடை கூறுவார் என்பது குறிக்கப்பட வேண்டும். ஐயத்தை எழுப்பியவரின் பதவி அதன் தகுதியை அளக்கும் கோலாகலாகாது.

5. கூட்டத்தில் மூத்தோர் முதலில் பேசிவிட்டால், நம் நாட்டில் இளையோர் மறுத்துரைக்கத் தயங்குவர். ஆதலின் இளையோரை முதலில் பேசச் செய்தலும், பேசத் தயங்குவோரிடம் முன்னரே எழுத்தில் கருத்துப் பெறுதலும் நலம். ஆங்கிலத்திலோ இந்தியிலோ சரளமாகப் பேச இயலாதவர்க்குக் கூட்டத்தின் பொருள்களை முதல் நாளே அனுப்பி வைத்தால், அவர்தம் அறிவு குழுவிற்குக் கிட்டும்.

6. நேர வேறுபாட்டின் தொல்லையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒரு தரப்பினரே என்றும் நள்ளிரவில் விழித்திருக்க நேர்ந்தால், பிற அனைத்திலும் அவர்கள் குறை காண்பது இயல்பே.

7. ஆளைப் பற்றிய குறையை அனைவரும் காணும் வாட்ஸாப் குழுவில் எழுதலாகாது. தலைவர் இருவரிடமும் தனித்தனியே பேசி, 'நடந்தது யாது?' என்பதை முதலிலும், 'யார் காரணம்?' என்பதை இறுதியிலும் கேட்க வேண்டும். பெரும்பாலும் முதற் கேள்விக்கு விடை கிடைத்ததும் இரண்டாவது கேள்வி தேவையற்றதாகிவிடும்.

பள்ளியில் ஒரு பயிற்சி

இவ்வுண்மையை மாணவர்க்கு உணர்த்த ஆசிரியர்கள் எளிய சோதனையொன்றைச் செய்விக்கலாம். தொலைவிலுள்ள இரண்டு பள்ளிகள் ஒரே நாளில், சமதளத்தில் செங்குத்தாக ஒரு குச்சியை நட்டு, அதன் நிழல் மிகக் குறுகும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அஸ்ஸாமின் திப்ரூகரும் குஜராத்தின் துவாரகையும் இதற்கு மிகப் பொருத்தமானவை. ஏப்ரல் நடுவில் திப்ரூகர் மாணவர்க்கு அந்நேரம் ஏறத்தாழ காலை 11 மணி 10 நிமிடமாக இருக்கும். துவாரகை மாணவர்க்கு ஏறத்தாழப் பிற்பகல் 12 மணி 54 நிமிடமாக இருக்கும். காரணத்தை முன்னரே கூறாமல், இரு பள்ளி மாணவரும் தங்கள் விடைகளைக் கடிதம் மூலம் ஒப்பிடும்படி விடலாம். மற்றவர் கடிகாரம் பழுதானது என்றோ, நிழலைச் சரியாகப் பார்க்கவில்லை என்றோ முதலில் வாதம் எழக்கூடும்.

அதன்பின் ஆசிரியர் விளக்க வேண்டும். இந்திய நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்க ரேகையை அடிப்படையாகக் கொண்டது. சூரியன் ஒரு பாகையைக் கடக்க 4 நிமிடம் ஆகின்றது. திப்ரூகர் அந்த ரேகைக்கு ஏறத்தாழ 12½ பாகை கிழக்கிலும், துவாரகை ஏறத்தாழ 13½ பாகை மேற்கிலும் உள்ளன. கணக்கிட்டால் இரு பள்ளிகளின் விடைகளும் சரியானவையே என்பது விளங்கும். புவியியலில் ஒரு பாடத்தைக் கற்ற அதே வேளையில், காணாத தோழரின் விடை வேறுபடும்போது அவரது நேர்மையை ஐயுறுமுன் அவர் நிற்கும் இடத்தைக் கேட்டறிய வேண்டும் என்பதையும் மாணவர் கற்றுக்கொள்வர். பின்னாளில் இம்மாணவருட் சிலர் பல நாட்டாருடன் கூடிப் பணியாற்றும் வாய்ப்பைப் பெறுவர். அப்போது இப்பழக்கம் அவர்களுக்குப் பெரிதும் துணைசெய்யும்.